ராசாவுக்கு முழுக்கோடு

நவம்பர் 6, ஞாயிறு

முடிஞ்சுது. முதல் பூசைக்குப் போயிட்டு வந்து, காப்பிகூடக் குடிக்காம உக்காந்து, பதினோரு மணிக்குக் கடைசிப் பேரையும் கோத்துட்டேன். காஸ்தீல் நாட்டு ராசா இரண்டாம் என்ரிக்கேல ஆரம்பிச்சு, தூத்துக்குடி மெட்டில்டா நொரோனா வரைக்கும் இருபத்தோரு தலைமுறை. ராசா செத்தது ஆயிரத்து முன்னூத்தி எழுபத்தொம்பதுல. நான் இன்னும் உயிரோட இருக்கேன், முழங்கால் வலிதான் கொஞ்சம்.

எங்க கடற்கரைல யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க. பெர்னாந்து, மச்சாது, கோமஸ் எல்லாம் ஞானஸ்நானத்துல வந்த பேரு. ஞானத்தகப்பனா நின்ன போர்ச்சுகீசுக்காரன் பிள்ளைக்குத் தன் பேரைக் குடுத்துட்டுக் கப்பலேறிப் போயிட்டான், பேரு மட்டும் இங்க தங்கிட்டு. வாஸ்தவம். நான் இல்லைங்கல. மத்தவங்களுக்கு அது தண்ணில வந்த பேரு. எங்களுக்கு ரத்தத்துல வந்த பேரு. எங்கப்பா நோட்டுல தெளிவா இருக்கு. கோவாவுல இருந்து வந்த கப்பல்காரர் தோம் கஸ்பார் நொரோனா, அவருக்குக் கீழ ஒரு அம்புக்குறி, அம்புக்குறிக்குக் கீழ சுவான் நொரோனா. சுவான்ல இருந்து எங்கப்பா வரைக்கும் வரிசையா ஏழு பேரு. எங்கப்பா கண்டபடி அம்பு போடுற ஆள் இல்ல.

கஸ்பாருக்கு மேல உள்ளதை லிஸ்பன்ல ஒரு புண்ணியவான் இணையத்துல போட்டு வச்சிருக்கான். நான் ரெண்டு பக்கத்தையும் சேத்துத் தச்சேன், அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருசம் கப்பல் ஏஜென்சி ஆபீஸ்ல ரெக்கார்டு பாத்தவளுக்கு இது ஒரு வேலையா.

டொரண்டோவுல இருந்து தம்பி வில்பிரட் கூப்பிட்டான். அவனுக்குத் தலைகால் புரியல. டிசம்பர் 27 நொரோனா குடும்பக் கூட்டம், பங்கு மண்டபம் பிடிச்சாச்சு. கொழும்புல இருந்துகூட ஆள் வருது. பன்னெண்டடி பேனர்ல வம்சாவளி. "அக்கா, மேடைல நீதான் பேசணும்"ன்னான். பின்ன வேற யாரு பேசுவா?

நவம்பர் 9, புதன்

தண்ணி வந்துது. ரெண்டு டிரம்மும் பிடிச்சேன். சாளை மீன் வாங்கிக் குழம்பு வச்சேன்.

பாளையங்கோட்டைல இருந்து ஜோஸ்லின் பேசினா. ஏழு மாசம் முடிஞ்சுட்டு. காலு வீங்குதாம். "உப்பைக் குறை, ஊறுகாய்ப் பாட்டிலை மாமியார் கைல குடு"ன்னேன். ஒன்பதாம் மாசம் பிறந்ததும் டிசம்பர் 4 ஞாயிற்றுக்கிழமை பலகாரத்தோட போய் அவளைக் கூட்டிட்டு வாறதா முடிவு. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். மாடி ரூம்ல கெடந்த கட்டிலை ரெண்டு ஆள் வச்சுக் கீழ எறக்கி, முன் ரூம்ல ஜன்னலோரம் போட்டுட்டேன்.

ராசா கதையைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கேட்டா. என்ரிக்கே ராசாவோட மகன் அல்போன்சோ, அவன் கட்டினது போர்ச்சுகல் ராசா மக இசபெல், அதுங்க வயித்துல பிறந்த பிள்ளைங்கதான் முதல் நொரோனாங்க. அல்போன்சோ, இசபெல் ரெண்டு பேருமே ராசா தாலி கட்டாமப் பெத்த பிள்ளைங்கன்னு சொன்னதும் அவளுக்கு இருமலே வந்துட்டு.

"ஏம்மா, ரெண்டு பக்கமுமா? நம்ம தெருவுல ஒண்ணு இப்படி நடந்திருந்தா நீங்க பேச்சுவார்த்தையே வச்சிருக்க மாட்டீங்களே."

"ராசா வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டாங்கட்டி. ரத்தம் ராசா ரத்தமாங்கிறதுதான் கேள்வி."

"சரிதான்"ன்னு போனை வச்சுட்டா. அவ குரல் கேட்டா வீடு நிறைஞ்ச மாதிரி இருக்கு.

நவம்பர் 15, செவ்வாய்

வம்சாவளி போடுற கம்ப்யூட்டர் புரோகிராமை மதியம் பூரா நோண்டினேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கட்டம், கட்டத்துல உறவு என்னன்னு கேக்குது. சொந்தப் பிள்ளையா, தத்துப் பிள்ளையா, பாதுகாவலர் பொறுப்புல உள்ள பிள்ளையா.

என் பேருக்குக் கீழ ஒரே கட்டம்தான். ஜோஸ்லின்.

தொண்ணூத்தி நாலுல கன்னியாஸ்திரிகள் நடத்துன பிள்ளைகள் இல்லத்துல இருந்து அவளைத் தூக்கிட்டு வந்தேன். எட்டு மாசக் கைப்பிள்ளை. எனக்கு அப்ப முப்பத்திமூணு. கல்யாணம் வேண்டாம்னு சொல்லி நாலு வருசம் ஆயிருந்துது. அப்பல்லாம் கிறிஸ்தவங்களுக்குத் தத்தெடுக்கச் சட்டமே கிடையாது. கோர்ட்டுல பாதுகாவலர்னுதான் உத்தரவு குடுத்தாங்க. அவ பள்ளிக்கூட சர்டிபிகேட்லகூட அம்மா பேருக்கு நேரா என் பேரு கிடையாது. பாதுகாவலர்ங்கிற இடத்துலதான் மெட்டில்டா நொரோனா. ஆறாங்கிளாஸ்ல வந்து கேட்டா, "ஏம்மா எல்லாருக்கும் அம்மான்னு இருக்கு, எனக்கு மட்டும் வேற என்னமோ போட்டிருக்கு"ன்னு. கவர்மெண்ட்டு பாஷை அப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அஞ்சு நிமிசம் அந்தக் கட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். காகிதத்துல என்ன இருக்கோ அதைத்தான் பதியணும். அதுதான் என் பழக்கம். இஷ்டத்துக்குப் போட்டா நாளைக்கு லிஸ்பன்காரன் சிரிப்பான். பாதுகாவலர்னு போட்டேன். புரோகிராம் தன்னால ஒரு புள்ளிக்கோடு இழுத்துக்கிச்சு. மத்தது எல்லாம் முழுக்கோடு.

உள்ளதைத்தான் போட்டேன்.

நவம்பர் 16, புதன்

கரண்டு இல்ல. வில்பிரட்டுக்கு அனுப்பியாச்சு.

நவம்பர் 24, வியாழன்

வில்பிரட் வம்சாவளிய குடும்ப வாட்ஸ்அப்ல போட்டுட்டான். காலைல இருந்து கைதட்டல் படமும் கிரீடம் படமுமா வந்து கொட்டுது. கொழும்புல ஒருத்தர், "ராச குலத் தங்கச்சிக்கு வணக்கம்"ன்னு எழுதிருக்கார். எழுவது வயசு ஆளு. நானும் ஒரு கும்பிடு போட்டு வச்சேன். பக்கத்து வீட்டு மச்சாதுக்காரி மதிலுக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன மகாராணி, மீனு வாங்கலையா"ன்னு கேட்டா. வயித்தெரிச்சல். கெடக்கட்டும்.

ஜோஸ்லின் அந்தக் குரூப்ல ஒண்ணும் எழுதல. பாத்துட்டாங்கிற நீலக் குறி விழுந்திருக்கு. லேப்ல வேலையா இருப்பா. நாளெல்லாம் ரத்தம் குத்தி எடுத்துக்கிட்டு இருக்கிறவளுக்கு ஏது நேரம்.

நவம்பர் 26, சனி

ராத்திரி எட்டு மணிக்கு ஜோஸ்லின் பேசினா. காலு வீக்கம் குறைஞ்சுட்டாம். சாப்பிட்டீங்களான்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன்.

"வம்சாவளிப் படம் பாத்தியா?"ன்னு நான்தான் கேட்டேன்.

"பாத்தேன். அல்போன்சோவுக்கு முழுக்கோடு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"சரிம்மா, தூக்கம் வருது."

எட்டு மணிக்கே தூக்கம். மாசமா இருந்தா அப்படித்தான்.

டிசம்பர் 4, ஞாயிறு

மூணு நாளா முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. மக்ரூன் ரெண்டு டப்பா. கைவளை ஒரு ஜோடி. கார் பிடிச்சு பத்து மணிக்கு பாளையங்கோட்டை போய்ச் சேந்தேன். மாப்பிள்ளை டெல்வின் வாசல்ல நின்னு எல்லாத்தையும் எறக்கினார். சம்பந்தியம்மா, "வாங்க மைனி"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல மனுசி. ஆனா முகத்துல ஏதோ ஒரு சங்கடம்.

ஜோஸ்லின் நாற்காலில உக்காந்திருந்தா. வயிறு நல்லா முன்னால வந்திருக்கு. வளையலைப் போட்டேன். கையை நீட்டினா, போட்டுக்கிட்டா, சாப்பிட்டோம். கிளம்புற நேரம் வந்ததும், "பெட்டி எங்க?"ன்னேன்.

"நான் வரலம்மா. இங்கயே பாத்துக்கிடுதேன். அத்தை இருக்காங்க. ஆஸ்பத்திரியும் பக்கம்தான்."

"தலைப்பிரசவம்ளா. ஊர் உலகத்துல எந்தப் பிள்ளையாவது மாமியார் வீட்டுல பெத்துக்கிடுமா? நான் எதுக்கு இருக்கேன்?"

"தாய் வீட்டுல பெறணும்னுதான வழக்கம்?" அவ ஒண்ணும் கத்தல. என் முகத்தைப் பாத்துதான் சொன்னா. "நீங்க பாதுகாவலர்தான. உங்களுக்கு எதுக்கு சிரமம்."

சம்பந்தியம்மா அடுக்களைக்குள்ள போயிட்டாங்க. மாப்பிள்ளை மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தார். எனக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது கோர்ட்டு பேப்பர்ல உள்ளதுன்னேன், நான் எழுதினது இல்லன்னேன். புரோகிராம் தன்னால போட்ட கோடுன்னுகூடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பலகாரக் கூடை காலியா என் காலடியில உருண்டுக்கிட்டே வந்துது. டிரைவர், "பாப்பா வரலையாம்மா?"ன்னார். நாள் நல்லா இல்ல, அடுத்த வாரம்னு சொல்லிட்டேன். ஒரு பொய்.

டிசம்பர் 5, திங்கள்

கட்டிலை மறுபடி மாடிக்கு ஏத்திடலாம்னு நினைச்சேன். ஏத்தல.

டிசம்பர் 8, வியாழன்

அமலோற்பவ மாதா திருநாள். பூசை முடிஞ்சதும் வெள்ளத்துறைல இருந்து ரூபன் ஃபாதர் போன் போட்டார். அது எங்க பூர்வீக ஊர், சின்ன மீன்பிடித் துறை. போன வருசம் அங்க போயிருந்தப்ப, பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஏதாவது அகப்பட்டாச் சொல்லுங்கன்னு நம்பர் குடுத்துட்டு வந்தேன். அவர் அதை மறக்கல. வெள்ளையடிக்கிறதுக்காக, கோயில்ல சாமியார் உடுப்பு மாத்துற சக்ரீஸ்து அறை மச்சுல உள்ளதை எல்லாம் எறக்கினாங்களாம். ஒரு பெட்டிக்குள்ள தோல் அட்டை போட்ட புத்தகம் மூணு இருந்துதாம். "கரையான் அரிச்சது போக பாக்கி இருக்கும்மா. எனக்கு ஒரு எழுத்தும் புரியல. நீங்கதான் போர்ச்சுகீசு படிக்கீங்களே"ன்னார்.

எனக்கு ஒரே சந்தோசம். தோம் கஸ்பாருக்கும் சுவானுக்கும் நடுவுல அப்பா போட்ட அம்புக்கு மூல ஆதாரமே கைல வரப்போகுது. லிஸ்பன்காரனுக்குப் படம் எடுத்து அனுப்பணும். ஜோஸ்லினும் அதைப் பாத்தா, நான் காகிதத்தை எவ்வளவு மதிக்கேன்னு புரிஞ்சுக்கிடுவா.

டிசம்பர் 9, வெள்ளி

ஆறரை மணி பஸ். எட்டு மணிக்கு வெள்ளத்துறை. ரூபன் ஃபாதர் சின்ன வயசு, தானே காப்பி போட்டுக் குடுத்தார். மேசைல வெள்ளைத் துணி விரிச்சுப் புத்தகத்தை வச்சிருந்தார். பூதக்கண்ணாடியோட உக்காந்தேன். ரெண்டு வருசமா போன்ல போர்ச்சுகீசு படிக்கேன். பழைய காலத்துக் கையெழுத்துன்னாலும், ஒரு பக்கம் பழகிட்டா அடுத்த பக்கம் வழிவிடுது.

பத்தே முக்காலுக்கு சுவான் அகப்பட்டான். ஆயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு, சனவரி. நான் தமிழ்ல எழுதிக்கிட்டதை அப்படியே இங்க போடுதேன்:

"பெற்றோர் யாரென்று தெரியாத ஓர் ஆண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். வயது ஒன்று இருக்கலாம். புயலுக்குப் பின் கரையில் கண்டெடுத்தது. முத்துக்குளிக்கும் தொம்மையின் கைம்பெண் சூசான், தனக்கு வேறு யாரும் இல்லாதவள், இதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டாள். பெயர் சுவான். ஞானத்தகப்பன் கோவாவின் கப்பல்காரர் தோம் கஸ்பார் நொரோனா. அவர் மறுநாள் கப்பலேறினார்."

மூணு தடவை வாசிச்சேன். ஃபாதர், "கெடைச்சுதாம்மா?"ன்னு கேட்டார். "கெடைச்சுட்டு"ன்னேன். "ராசாதான?"ன்னார். நான் தலையாட்டினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல.

தண்ணில வந்த பேரு. மச்சாதுக்காரிக்கு எப்படியோ எனக்கும் அப்படித்தான். அதுலயும் ஒரு படி கீழ. அவளுக்காவது பெத்தவன் பேரு எங்கயாவது இருக்கும். எங்க பாட்டன் கரைல ஒதுங்கின பிள்ளை.

அப்பா அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் நோட்டு எழுதியிருக்கார். நோட்டுல சுவான் பேருக்கு நேரா உள்ள தேதி அப்படியே அதேதான். சூசானை மட்டும் விட்டுட்டு, கஸ்பாருக்கு அம்பு போட்டிருக்கார். எங்கப்பா கண்டபடி அம்பு போடுற ஆள் இல்லன்னு நான் எழுதினேன். தெரிஞ்சுதான் போட்டிருக்கார்.

டிசம்பர் 10, சனி

வில்பிரட்டுகிட்ட சொன்னேன். முதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கல.

"அக்கா, இதை வேற யாரு பாத்திருக்கா?"

"நானும் ஃபாதரும். ஃபாதருக்குப் படிக்கத் தெரியாது."

"அப்ப முடிஞ்சுது. விடு. பேனர் அடிச்சாச்சு. எம்பத்து மூணு பேரு வாறாங்க. என் பிள்ளைங்க ஸ்கூல்ல போய்ச் சொல்லிருக்குங்க. முன்னூறு வருசத்துக்கு முந்தி ஒரு அநாதைப் பிள்ளை, இப்ப அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதியா?"

"மறைக்க வேண்டாம். பரிமாறாம இருந்தாப் போதும்"ன்னான். வாய்க்காரன். எங்க வீட்டு வாய்தான். எங்க வீட்டு வாயாங்கிறதும் இப்ப யாருக்குத் தெரியும்.

நிசத்தைச் சொன்னா, மறைச்சுடலாம்னு எனக்கும் தோணிச்சு. பரிமாறாம விடுறது ரொம்ப லேசு. மேடைல ஏறி, கிரீடத்தை வச்சு, எறங்கி வந்துடலாம். ஆனா அந்த சூசான் மனசை விட்டுப் போகமாட்டேங்கா. யாரும் இல்லாதவ, ஒத்தையா இருந்துக்கிட்டு ஒரு பிள்ளையத் தூக்கிருக்கா. அவளைப் பத்தி ஊரு என்னெல்லாம் பேசிருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். என்னைப் பத்திப் பேசினதும் அதுதான்.

டிசம்பர் 13, செவ்வாய்

ஒரு யோசனை வந்துது. அது வந்ததும் எனக்குப் பழைய தைரியமும் வந்துட்டு. ஜோஸ்லின்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினாப் போதும், எல்லாம் சரியாப் போயிடும். பஸ்ஸைப் பிடிச்சுப் போனேன். சம்பந்தியம்மா கடைக்குப் போயிருந்தாங்க. அவ மட்டும் வெண்டைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா.

படிச்சுக் காட்டினேன். நறுக்குறதை நிப்பாட்டிட்டு முழுசும் கேட்டா. சூசான் பேரு வந்தப்ப அவ முகம் கொஞ்சம் இளகினதைப் பாத்தேன்.

"அதனால?"ன்னா.

"அதனாலயா? நம்ம வம்சமே எடுத்து வளத்த பிள்ளை வம்சம்ளா. நீயும் நானும் ஒண்ணுதான். அந்தப் புள்ளிக்கோட்டை அழிச்சுடுதேன். நீ வீட்டுக்கு வா."

அவ கத்தியக் கீழ வச்சா.

"ராசா இருந்திருந்தா?"

எனக்குப் புரியல. என்னன்னேன்.

"இந்தப் புத்தகத்துல ராசா மகன்னே எழுதிருந்தா இன்னைக்கு நீங்க பஸ் ஏறி வந்திருப்பீங்களா? நான் அந்தப் புள்ளிக்கோட்டுலதான கெடந்திருப்பேன்? இப்ப ராசா போயிட்டாரு, அந்த எடம் காலியா இருக்கு, அதுல வந்து உக்காருன்னு கூப்பிடுதீங்க. நான் இருபத்தெட்டு வருசமா உங்க மகதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேம்மா. நீங்கதான் முன்னூறு வருசத்துக்கு முந்தின பேப்பரைக் கேட்டுட்டு வாறீங்க."

ஆபீஸ்ல எந்த மேனேஜர் முன்னாலயும் நான் வாய் மூடி நின்னது கிடையாது.

அவளே எந்திரிச்சு எனக்கு மோர் கொண்டு வந்து குடுத்தா. குடிச்சேன். கிளம்பி வந்துட்டேன்.

டிசம்பர் 14, புதன்

தண்ணி வந்துது. பிடிக்கல.

டிசம்பர் 15, வியாழன்

விடியற்காலைல எந்திரிச்சு அவளுக்கு வாட்ஸ்அப்ல குரலைப் பதிஞ்சு அனுப்பினேன். நாலு தடவை பதிஞ்சு அழிச்சேன். அஞ்சாவதை அப்படியே விட்டுட்டேன். சொன்னது இது:

"ஜோஸ்லின், நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன். ஆமா. ராசா இருந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன். புள்ளிக்கோடும் அங்கதான் இருந்திருக்கும். எனக்கு ராசா மேல அவ்வளவு ஆசை. கல்யாணம் இல்ல, காட்சி இல்ல, கோயில்ல போட்டோ எடுத்தாக்கூட என்னை ஓரத்துலதான் நிறுத்துவாங்க. ஒரு நாளாவது நடுவுல நிக்கணும்னு பாத்தேன். அதுக்கு உன்னைய விட்டுக்குடுத்துட்டேன். அந்தக் கட்டத்துல கையை வைக்கும்போதே இது தப்புன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிசம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். புரோகிராம் போட்டுதுன்னு உன்கிட்ட சொன்னது பொய். நான்தான் போட்டேன். என்னைய மன்னிச்சுக்கோ. வீட்டுக்கு வான்னு கூப்பிடல. உனக்கு எங்க தோதோ அங்க பெத்துக்கோ. பிள்ளை நல்லாப் பிறக்கணும், நீ நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

ஆறு அஞ்சுக்கு நீலக் குறி விழுந்துது. பதில் இல்ல.

டிசம்பர் 18, ஞாயிறு

பதில் இல்ல. குடில் வைக்கல. ஸ்டார் மட்டும் தொங்க விட்டிருக்கேன், இல்லன்னா மச்சாதுக்காரி கேப்பா.

டிசம்பர் 21, புதன்

வில்பிரட்டு குடும்பம் வந்து எறங்கிட்டு. ஓட்டல்ல தங்கிருக்காங்க. பேனரைக் கொண்டு வந்து என் வீட்டு ஹால்ல விரிச்சான். ஹாலு பத்தடிதான். ராசா தலை வாசப்படி தாண்டி வராண்டால கெடந்துது. சிரிப்பு வந்துட்டு எனக்கு. ரொம்ப நாளுக்கு அப்புறம் சிரிச்சேன்.

"என்ன பேசப் போற?"ன்னு கேட்டான். "உள்ளதைப் பேசுவேன்"ன்னேன். "அக்கா, சுருக்கமா ராசா கதையச் சொல்லிட்டு எறங்கிடு. உன் காலைப் பிடிக்கேன்"ன்னான். "காலைப் பிடிக்கணும்னா நல்லாப் பிடி, முழங்கால் வலிக்கி"ன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

டிசம்பர் 25, ஞாயிறு

ராத்திரிப் பூசைக்குப் போகல. காலைப் பூசைக்குப் போனேன். ஜோஸ்லின்கிட்ட இருந்து கிறிஸ்மஸ் வாழ்த்து வந்துது. வாழ்த்து மட்டும்தான். கீழ வேற ஒண்ணும் இல்லையான்னு ரெண்டு மூணு தடவை தள்ளிப் பாத்தேன்.

டிசம்பர் 27, செவ்வாய்

மண்டபத்துக்கு எட்டு மணிக்கே போயிட்டேன். பேனரை மாட்டிருந்தாங்க. கூட்டம் வாறதுக்கு முந்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கறுப்பு மார்க்கரை வச்சு, என் பேருக்கும் ஜோஸ்லின் பேருக்கும் நடுவுல உள்ள புள்ளிங்க மேல ஒரே இழுப்பா இழுத்தேன். கோணலாத்தான் வந்துது. ஆனா நல்லாத் தடிமனா இருந்துது. ஸ்டூலை விட்டு எறங்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

பத்து மணிக்கு எம்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. சட்டைல, சேலைல எல்லாம் பேர் அட்டை. வாசல்ல கொழும்புக்காரர் உக்காந்து, ஒவ்வொருத்தரையும் "நீங்க எந்தக் கிளை?"ன்னு கேட்டு அட்டையக் குத்தி விட்டுக்கிட்டு இருந்தார். செபம் முடிஞ்சதும் வில்பிரட் என்னை மேடைக்கு ஏத்தினான். மைக்கைக் குடுக்கும்போது காதுக்குள்ள, "அக்கா, பாத்து"ன்னான்.

நான் ராசாவுலதான் ஆரம்பிச்சேன். என்ரிக்கே, அல்போன்சோ, இசபெல், கஸ்பார். கை தட்டினாங்க. தட்டி முடிக்கட்டும்னு விட்டுட்டு, பையில இருந்து என் நோட்டை எடுத்தேன். "இப்ப உள்ளதைப் படிக்கேன்"ன்னு சொல்லி, வெள்ளத்துறைப் பக்கத்தை முழுசும் படிச்சேன். பெற்றோர் யாரென்று தெரியாத ஓர் ஆண்பிள்ளைன்னு படிச்சப்ப முன் வரிசைல யாரோ இருமினாங்க.

"இந்தப் பேனர்ல இருக்கிற ராசா நல்ல ராசாதான். ஆனா நமக்கு விருந்தாளி. நம்ம வீட்டுக்காரி சூசான். அவ தூக்கலைன்னா நீங்களும் கிடையாது, நானும் கிடையாது. எங்கப்பா அவளை விட்டுட்டு எழுதினார். நானும் என் மகளுக்கு அதையேதான் செஞ்சேன். அது தப்பு. எம்பது பேருக்கு முன்னால சொல்லுதேன், அது தப்பு."

பிறகு ஆரம்பிச்சுது ரகளை. "ஏம்மா, சம்பந்தி வீட்டுல ராச வம்சம்னு சொல்லித் தொலைச்சுட்டேனே"ன்னு ஒரு சித்தி புலம்பினா. "இதெல்லாம் பொம்பளை குடுக்கிற ஆதாரம்"ன்னு ஒருத்தர். "அப்ப கேக்கு வெட்டுறதா வேண்டாமா?"ன்னு இன்னொருத்தர். வில்பிரட் தலைல கையை வச்சு உக்காந்துட்டான். நான் எறங்கல. கேக்கிறவங்க கேக்கட்டும், எல்லாத்துக்கும் பதில் இருக்குன்னு நின்னேன்.

அப்பதான் வாசப்பக்கம் பேச்சு சட்டுனு அடங்கிச்சு. பாத்தா ஜோஸ்லின். இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு, வயிறு முன்னால, அவ பின்னால. அவளுக்குப் பின்னால மாப்பிள்ளை, ரெண்டு கையிலயும் ரெண்டு பெரிய பெட்டி.

கொழும்புக்காரர் பேர் அட்டையும் குண்டூசியுமா எந்திரிச்சார். "மகள் எந்தக் கிளை?"ன்னு கேட்டார்.

"கிளையெல்லாம் எனக்குத் தெரியாது"ன்னா ஜோஸ்லின், மண்டபம் பூராவும் கேக்கிற மாதிரி. "அந்தா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டு நிக்காங்கள்லா, அது எங்கம்மா. கொஞ்சம் வழி விடுங்க. எனக்கு நிக்க முடியல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லணும்."